கச்சான் காலத்துப் பற்றறி

1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கடலில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தைப் பறிகொடுத்தது. புது மரம் போட்டுக்கொள்ள அது ஒதுங்கிய இடம் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும் கொட்டியாரக் குடா. மரத்துக்கு மரமும் ஆச்சு, போகிற போக்கில் கொஞ்சம் வியாபாரமும் பார்க்கலாம் என்பது கப்பல்காரர்களின் கணக்கு. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். கப்பல் தலைவனையும் அவன் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போனார்கள். அந்த மகன்தான் றொபேட் நொக்ஸ். 1660இல் பத்தொன்பது வயதில் பிடிபட்டவன், 1679இல்தான் தப்பி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். உதிரிப்பாகம் தேடித் திருமலைக்கு வந்து அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் முதற்பெயர் அவனுடையதாகத்தான் இருக்கும்.

அந்தப் பட்டியலில் ஒரு ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தது, ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுக்கு ஒரு பகல்தான் போனது. தேடியது ஜீப் பற்றறி.

ஜீப் என்றால் 2012ஆம் ஆண்டு டொயோட்டா பிராடோ, டீசல், கொழும்பில் சாரதியோடு வாடகைக்கு எடுத்தது. இலங்கையில் இந்த உயரத்து வாகனம் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் ஜீப்தான். பிராடோவின் 150 வரிசை 2009இல் வந்து 2023 வரை அடுத்த தலைமுறை வராமல் ஓடியது. நடுவில், 2020 மார்ச்சில், அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். ஆக, கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த ஜீப்புகளை வைத்தே காலம் தள்ள வேண்டியிருந்தது. வேறு நாடுகளில் பழைய இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும் வயதில் இங்கே ஒரு பிராடோ சொத்தாக நின்றது. அதற்கு மாற்றுகிற ஒவ்வொரு பாகமும் சொத்தைப் பராமரிக்கிற செலவு. அதனால் ஜீப்காரர்கள் பற்றறி விடயத்தில்கூட அவசரப்பட்டு முடிவெடுப்பதில்லை. கடைக்குப் போனால் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணை தாண்டினால் வீதியோரத்தில் யானை நிற்கும். படம் எடுக்க நிறுத்தினாலும் சாரதிமார் இயந்திரத்தை அணைப்பதில்லை. அப்படி ஆறேழு மணித்தியாலம் இயந்திரம் ஓடினால் ஒல்ரனேற்றர் எந்தப் பற்றறியையும் நிறைத்துவிட வேண்டும். மறுநாள் காலை நிலாவெளிக் கடற்கரையில் அந்த ஜீப் மக்கர் பண்ணியபோது சாரதிக்கு முதலில் உறைத்தது இதுதான். நேற்று முழுக்க ஓடிய வண்டிக்கு இன்று சார்ஜ் இல்லை என்றால் நோய் இன்றைக்கு வந்தது இல்லை.

நடந்தது சாதாரணமான விடயம். குடும்பம் படகில் புறாமலைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்த்துவிட்டு வரும்வரை ஜீப் வெயிலில் நின்றது. பின்னால் ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி, குளிர்பானமும் மாம்பழமும் அதற்குள். சாவி எடுத்தாலும் மின்சாரம் நிற்காதபடி யாரோ பற்றறியிலிருந்தே அதற்கு நேராக வயர் இழுத்திருந்தார்கள். இந்த அளவுக் குளிர்ப்பெட்டி ஓடும் நேரத்தில் நான்கைந்து அம்பியர் இழுக்கும். மூன்று மணித்தியாலத்துக்கு இடைவிடாமல் ஓடியது என்றே வைத்துக்கொண்டாலும் 15 அம்பியர் மணி. நல்ல நிலையில் இருக்கும் 70 அம்பியர் மணிப் பற்றறிக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது டாஷ்போர்ட் விளக்குகள் மங்கின, 'டிக்-டிக்-டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உதவிக்கு வந்தது மீன் ஏற்ற நின்ற கூலர் லொறி. இந்த இடத்தில் பலர் சறுக்குவார்கள். பெரிய லொறிகளில் பெரும்பாலானவை 24 வோல்ற்; இரண்டு 12 வோல்ற் பற்றறிகளைத் தொடராகப் பூட்டியிருப்பார்கள். அந்த 24ஐ அப்படியே 12 வோல்ற் ஜீப்புக்குக் கொடுத்தால் கணினிப் பெட்டிகள் கருகிப்போகும். லொறிக்காரருக்கு விடயம் தெரிந்திருந்தது. இரண்டில் ஒரு பற்றறியின் இரு முனைகளில் மட்டும் ஜம்பர் வயரைக் கவ்வ வைத்தார். கடைசிக் கறுப்புக் கவ்வியைச் செத்த பற்றறியின் மறைமுனையில் போடாமல் இயந்திரத்தின் வெற்று இரும்பில் போட்டார். பற்றறியிலிருந்து கசியும் ஐதரசனுக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. ஜீப் பிடித்தது. அணைக்காமல் திருமலை நகருக்குப் போகச் சொன்னார். பதினைந்து கிலோமீற்றர் சொச்சம்.

கடை அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட. பற்றறிக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், ஐம்பது தாண்டியவர். சாரதி இறங்கும்போதே, "நானா, செல்ஃப் அடிக்குது, பிடிக்குதில்லை" என்றார். பற்றறிக்காரர் பற்றறியைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் மீற்றரை வைத்து முதலில் ஒல்ரனேற்றரைப் பார்த்தார். 14.1 வோல்ற். சரி. அதன் பிறகு அணைத்து, பானட்டுக்குள் கையை விட்டார்.

நேர்முனையின் கவ்வியைச் சுற்றி வெள்ளையும் பச்சையும் கலந்த தூள் பூத்திருந்தது. விரலால் தட்டினால் உதிர்ந்தது. உள்ளே செப்பு வயரின் நுனிவரை அரிப்பு ஏறியிருந்தது. அமில ஆவியும் உப்புக்காற்றும் சேர்ந்தால் இப்படி. ஒரு போத்தல் சுடுதண்ணீரில் அப்பச்சோடாவைக் கரைத்து அவர் மெதுவாக ஊற்ற, தூள் நுரைத்துக் கரைந்து ஓடியது. கம்பி பிரஷால் தேய்த்ததும் ஈயம் வெள்ளியாகப் பளபளத்தது. சில ஜீப்புகளுக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும். புதுப் பற்றறிக்குப் பணம் கட்டும் முன் கவ்வியைச் சுத்தப்படுத்திப் பாருங்கள் என்று சொல்லாத கடைகளும் உண்டு; இவர் சொல்கிற ஆள்.

இந்தப் பற்றறிக்கு அது போதவில்லை. ஓய்வில் 12 வோல்றைக் கூடத் தொடவில்லை. நிறைந்த பற்றறி 12.6க்கு மேலே நிற்க வேண்டும், 12.2 என்றால் பாதி காலி. ஆனாலும் அவர் உடனே தள்ளிவிடவில்லை. சார்ஜ் இல்லாத பற்றறியைச் சோதித்து 'செத்துப்போச்சு' என்று சொல்வது நியாயம் இல்லை என்று ஒன்றரை மணித்தியாலம் சார்ஜரில் போட்டார். ஜீப்காரர்களை ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

உட்துறைமுக வீதியில் நடந்தால் துறைமுகம் கடல் போலவே தெரியாது. மூன்று பக்கமும் மலை, அசையாத தண்ணீர், எதிர்க்கரையில் சீனக்குடா. அங்கே காட்டுக்குள் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நூறளவில் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியதில் எரிந்த தாங்கியின் உருக்குலைந்த மிச்சம் இப்போதும் கிடக்கிறது. 2022 ஜனவரியில் இந்தத் தாங்கிகளை இலங்கையும் இந்தியாவும் எப்படிப் பங்கிடுவது என்று புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. திருமலை என்றால் எண்ணெய் என்று உலகம் பேசுவதற்குக் காரணம் இது.

பற்றறி விடயத்திலும் இந்தத் துறைமுகத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. போரின் பிற்பகுதியில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இங்கிருந்துதான் மலாக்கா நீரிணைக்குப் போய்வந்தன. அவற்றில் ஒன்றான 'டாலிஹோ' 1944 ஜனவரி 11ஆம் திகதி பினாங்குக்கு அப்பால் ஜப்பானியக் கப்பலான 'குமா'வை மூழ்கடித்தது. தண்ணீருக்கு மேலே வந்தால் டீசல், கீழே போனால் பற்றறி. ஒவ்வொரு நீர்மூழ்கியின் அடியிலும் நூற்றுக்கணக்கான ஈய-அமிலக் கலங்கள் அடுக்கியிருக்கும். ஒரு கலம் 2 வோல்ற், ஜீப் பற்றறிக்குள் இருக்கும் ஆறு கலங்களைப் போலவே. 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த அதே ஈயம், அதே கந்தக அமிலம். வித்தியாசம் தகட்டின் தடிப்பில். மணிக்கணக்காக மெதுவாக மின்சாரம் கொடுக்க வேண்டிய நீர்மூழ்கிக் கலத்துக்குத் தடித்த தகடு. இயந்திரத்தை இரண்டு விநாடியில் உலுக்கி எழுப்ப வேண்டிய வாகனப் பற்றறிக்கு மெல்லிய தகடுகள், நிறைய. பானட்டுக்குள் இருக்கும் பற்றறியில் குளிர்ப்பெட்டியைப் பூட்டி மணிக்கணக்காக ஓடவிடுவது அதன் சுபாவத்துக்கு ஒத்துவராத வேலை. அப்படி அடிமட்டம்வரை இறக்கி இறக்கி ஏற்றினால் தகட்டில் சல்பேற்றுப் படிந்து கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும்.

பேருந்து நிலையப் பக்கம் திரியும் புள்ளிமான்களுக்குப் பிள்ளைகள் வாழைப்பழத்தோல் கொடுத்து முடிய, ஒன்றரை மணித்தியாலமும் முடிந்தது.

சார்ஜ் ஏறிய பற்றறியில் சோதனைக் கருவியைப் பூட்டிச் சுமை ஏற்றினார்கள். முள் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றறி போயிற்று என்று அர்த்தம். இது 8.5க்கும் கீழே போனது. ஒரு கலத்தின் மூடியைத் திறந்து பார்த்தபோது தகட்டின் தலை தண்ணீருக்கு வெளியே காய்ந்து நின்றது. யாரும் தண்ணீர் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். இனிப் புதிதுதான்.

பழைய பற்றறியின் மேல் இருந்த குறி 95டி31எல். ஜப்பானிய வாகனம் வைத்திருப்பவர் இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடையில் பாதி வேலை மிச்சம். 95 என்பது திறனின் தரம். கூடக் கூட வலு அதிகம். 'டி' பெட்டியின் அகல உயரத்தைச் சொல்கிறது. 31 நீளம், சென்ரிமீற்றரில். கடைசி எழுத்து நேர்முனை எந்தப் பக்கம் என்று காட்டுகிறது. அந்த ஒரு எழுத்தில் தவறினால் பற்றறி தட்டில் அழகாக உட்காரும், வயர் எட்டாது. எட்டவைக்க இழுத்தால் இன்றோ நாளையோ வயர் உரசிச் சோர்ட் ஆகும்.

தட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. லொறிக்காரர் எல்லோருக்கும் பழக்கமான 'என்70' பற்றறியும் இதே டி31 பெட்டிதான். பிராடோவின் தட்டில் கச்சிதமாக இருக்கும். ஆனால் அதன் ஜப்பானியக் குறி 65டி31. வெளியே ஒரே அளவு, உள்ளே 95க்கும் 65க்கும் உள்ள தூரம். விலை குறைவு என்பதால் வாடகை ஜீப்புகளில் இதைப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும். குளிரூட்டியும் முன்விளக்கும் மழைத் துடைப்பானும் சேர்ந்து ஓடும் மார்கழி மழை இரவில் அதன் வண்டவாளம் தெரியும்.

விவாதம் தொடங்கியது இங்கேதான். ஸ்காபரோக்காரர் 25 வருடமாகக் கனடாவில் கார் ஓட்டுகிறவர். பற்றறி வாங்குவதென்றால் அவருக்கு ஒரே ஒரு எண்தான் தெரியும்: சிசிஏ. பெரிதாக இருப்பதை எடு, காசைக் கட்டு. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில், 7.2 வோல்றுக்குக் கீழே இறங்காமல், 30 விநாடிக்கு எத்தனை அம்பியர் கொடுக்கும் என்பதுதான் அந்த எண். அந்தக் குளிரில் ஈய-அமிலப் பற்றறியின் வலு பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இயந்திர எண்ணெயும் தடித்துப்போகிறது. ஸ்காபரோவில் பெப்ரவரி விடியலில் வேலைக்குப் புறப்படுகிறவருக்கு அது உயிர்நாடியான எண். கடையில் ஒரு பற்றறியின் ஒட்டியில் அந்த எண் மற்றவற்றைவிட நூறு கூடுதலாக இருந்தது. அவர் அதையே காட்டினார்.

பற்றறிக்காரர் சிரித்தார். "சேர், அந்த நம்பர் பனிக்கு. இஞ்ச பற்றறியக் கொல்லுறது வெயில். வெயிலுக்கு எவரும் நம்பர் அடிக்கிறல்ல."

மிகச் சரியான பேச்சு. திருமலையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. மே தொடங்கி ஆகஸ்ட் வரை மலையைத் தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்று வீசும்போது பகலில் 35 பாகையை எட்டும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் நிறைந்திருக்கும் பருவமும் அதே மாதங்கள்தான். கொழும்பு ஜீப்புகள் இந்தப் பக்கம் வந்து குவிவது பற்றறிக்கு மிக மோசமான காலத்தில். வெளியே 35 என்றால், ஓடி நின்ற டீசல் இயந்திரத்தின் பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறு இளநீர். வெப்பம் 10 பாகை கூடினால் பற்றறிக்குள் நடக்கும் அரிப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பற்றறித் தொழிலில் அடிப்படைக் கணக்கு. தண்ணீர் ஆவியாகும், நேர்த்தகட்டின் சட்டம் உள்ளுக்குள்ளேயே அரித்து இற்றுப்போகும். குளிர்நாடுகளிலும் உண்மை இதுதான்: பற்றறியைக் கெடுப்பது கோடை, கெட்டதைக் காட்டிக்கொடுப்பது மாரி.

இன்னொன்றும் உண்டு. ஒரே அளவுப் பெட்டிக்குள் சிசிஏயைக் கூட்ட வேண்டும் என்றால் தகடுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் சீக்கிரம் இறும். எனவே, பனிக்காகக் கூட்டிய எண்ணை வெயில் ஊரில் வாங்குகிறவர் சில வேளை காசு கொடுத்துக் குறைந்த ஆயுளை வாங்குகிறார். இதற்காகச் சிசிஏயை அடியோடு ஒதுக்கவும் முடியாது. டீசல் இயந்திரத்தின் அமுக்கம் அதிகம், தூக்கி எழுப்ப நிறைய அம்பியர் வேண்டும். உற்பத்தியாளர் கேட்கும் அளவு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அதற்கு மேலே உள்ள நூறு, இருநூறு கண்காட்சிக்குத்தான். அந்தக் காசுக்குச் சேமிப்புத் திறனைப் பார்க்கலாம்: 25 அம்பியர் இழுத்தால் 10.5 வோல்றுக்கு இறங்க எத்தனை நிமிடம் என்ற எண். ஒல்ரனேற்றர் காட்டுக்குள் கைவிட்டால் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதைச் சொல்லும் எண் அதுதான். ஒட்டியில் அதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள்.

அலுமாரியில் நின்றவற்றைப் பார்த்தாலே திருமலையின் பொருளாதாரம் விளங்கும். முன்வரிசையில் முச்சக்கர வண்டிப் பற்றறிகள். அடுத்து மீன்படகுகளுக்கும் வீட்டுச் சூரிய மின்சாரத்துக்குமான தடித்தவை. பேருந்துக்கும் லொறிக்கும் போடும் பெரியவை கீழே. ஜீப்புக்குரிய டி31 நாலைந்துதான். உள்நாட்டில் தயாராகும் எக்சைட் இருந்தது. திருப்பதிக்குப் பக்கத்தில் தயாராகும் அமரோன் இருந்தது. கொரியாவிலிருந்து வந்த மூடியில்லாதது ஒன்று இருந்தது.

ரேஞ்ச் ரோவருக்கும் புதிய டிஃபெண்டருக்கும் போடும் வகை ஒன்றுகூட இல்லை.

நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் முற்றங்களில் அந்த வண்டிகளும் நிற்கத்தான் செய்கின்றன. அவற்றின் கதை வேறு. பழைய லான்ட் ரோவர் டிஃபெண்டரில் இருக்கையைத் தூக்கினால் அடியில் பற்றறி. கையில் சாவி இருந்தால் யாரும் மாற்றலாம். இன்றைய ரேஞ்ச் ரோவர் போன்றவை ஐரோப்பிய அளவு கேட்கின்றன. அந்தப் பற்றறி ஜப்பானியப் பற்றறியைவிடக் குட்டையானது, 190 மில்லிமீற்றர் உயரம். பெரிய வகை 353 மில்லிமீற்றர் நீளம். ஜப்பானியப் பற்றறியை மேலே ஒரு பட்டை போட்டு அழுத்திப் பிடிப்பார்கள், இதை அடிவிளிம்பில் கவ்விப் பிடிப்பார்கள். ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது. நிற்கவைத்தாலும் காட்டுப்பாதையில் குலுங்கும். குலுங்கினால் தகட்டின் பசை உதிர்ந்து அடியில் தேங்கிக் கலம் சோர்ட் ஆகும்.

சமிக்ஞை விளக்கில் தானாக அணைந்து தானாக எழும் இயந்திரம் என்றால் ஏஜிஎம் அல்லது, சாதாரண அமிலப் பற்றறியின் வலுவூட்டிய வடிவமான, இஎஃப்பி வகைதான் போட வேண்டும். ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஊறி நிற்கும். குலுக்கலுக்கும் அடிக்கடி ஏறி இறங்குவதற்கும் தாங்கும். அளவுக்கு மீறிய சூடு அதற்கு ஆகாது. ஜெர்மன் சொகுசு வண்டிகளில் பலவற்றில் பற்றறியைப் பின் டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ கொண்டுபோய் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலை அதிகம் என்பதால் ஏஜிஎம் எல்லா வண்டிக்கும் உயர்ந்தது என்று அர்த்தம் இல்லை. பானட்டுக்குள் பற்றறி இருக்கும் பழைய பிராடோவுக்கு, அதுவும் இந்த ஊர் வெயிலில், சாதாரண அமிலப் பற்றறியே பொருத்தம். அதேபோல, சாதாரணப் பற்றறியை ஏஜிஎம் கேட்கும் வண்டியில் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் கடைக்காரரைத் திட்டுவதும் நியாயம் இல்லை.

புதிய வண்டிகளில் மாற்றிவிட்டுக் கையைத் துடைக்கவும் முடியாது. மறைமுனைக் கவ்வியில் ஒரு சின்ன உணரி உட்கார்ந்து பற்றறியின் வயதைக் கணக்கு வைத்திருக்கும். புதுசு வந்துவிட்டது என்று ஸ்கானர் மூலம் அதற்குச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் கிழட்டுப் பற்றறிக்கு ஏற்றுவது போலவே புதியதுக்கும் ஏற்றும். அந்த ஸ்கானரும் பற்றறியும் கொழும்பிலிருந்து வரும்வரை நிலாவெளிக் கடலில் குளித்துக்கொண்டிருப்பதைத் தவிர ரேஞ்ச் ரோவர்காரருக்கு வேறு வழி இல்லை. முழுமையான மின்சார வண்டி வாங்கினால் தொல்லை தீரும் என்று நினைக்க வேண்டாம். அதிலும் கதவு திறக்க, கணினி விழிக்க ஒரு 12 வோல்ற் பற்றறி உண்டு. அது செத்தால் பெரிய பற்றறி நிறைந்திருந்தும் வண்டி அசையாது.

இலங்கை ஜீப்காரர்கள் பற்றறியைப் பற்றி ஒரேயடியாக நிறையக் கற்றுக்கொண்ட வருடம் 2022. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதம் 360. பற்றறி விலை அதோடு ஏறியது. எரிபொருள் வரிசை வீதிகளில் கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. பிறகு கியூஆர் அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியது. பிராடோவின் தாங்கி 87 லீற்றர். பெரும்பாலான ஜீப்புகள் வாரக்கணக்கில் கொட்டகையில் நின்றன. நின்ற வண்டி சும்மா நிற்பதில்லை. அலாரம், மணிக்கூடு, கணினி எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் இழுத்தாலும் ஒரு மாதத்தில் 36 அம்பியர் மணி. 70 அம்பியர் மணிப் பற்றறியில் பாதி. அப்படிப் பாதியில் கிடந்த பற்றறிகள் சல்பேற்றுப் படிந்து கொத்தாகச் செத்தன. மறைமுனையைக் கழற்றி வைத்தவர்கள் தப்பினார்கள்.

கடைசியில் தெரிவு இரண்டாகச் சுருங்கியது. ஸ்காபரோக்காரர் காட்டிய, எண் கூடிய 105டி31எல் ஒன்று, 95டி31எல் ஒன்று. பற்றறிக்காரர் இரண்டையும் திருப்பித் தயாரிப்புத் திகதியைக் காட்டினார். 105 வந்து அலுமாரியில் நின்று ஒன்பது மாதம் கடந்திருந்தது. 95க்கு இரண்டு மாதம். விற்காமல் நிற்கும் பற்றறியும் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும், சூட்டில் வேகமாக. இடையில் சார்ஜ் ஏற்றியிருந்தாலும் அந்த ஒன்பது மாதமும் அதன் ஆயுளில் கழிந்த கணக்குத்தான். மீற்றரில் 95 காட்டியது 12.7, 105 காட்டியது 12.4. அதோடு 95க்கு ஆறு மூடிகளும் திறக்கும். சாரதியே பற்றறித் தண்ணீர் பார்த்து ஊற்றலாம். மூடியில்லாத பற்றறி வசதி என்று விற்கிறார்கள். கவனிக்கவே போகாத சொந்தக்காரருக்கு அது வசதிதான். கச்சான் காலத்தில் கிழக்குக்கரையில் ஓடும் வண்டிக்கு, திறந்து தண்ணீர் ஊற்ற முடிவது பெரிய வரம்.

ஸ்காபரோக்காரர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப பழசாப் போன பெரிய நம்பரை விட புதுசான சின்ன நம்பர் நல்லம் எண்டுறீங்கள்" என்றார்.

"இந்த ஊருக்கு அப்பிடித்தான் சேர்."

பூட்டுவதற்குப் பத்து நிமிடம். கழற்றும்போது மறைமுனை முதலில், பூட்டும்போது மறைமுனை கடைசியில். தட்டிலிருந்த மணலைத் துடைத்தார்கள். புல்மோட்டைப் பக்கத்துக் கருமணலும் நிலாவெளி வெண்மணலுமாக ஒரு கைப்பிடி வந்தது. பிடிப்புப் பட்டையின் துருப்பிடித்த ஆணி மாற்றப்பட்டது. முனைகளில் வாஸ்லின் பூசினார்கள். மின்சாரம் அறுந்ததில் சாரதி பக்கக் கண்ணாடி ஒரே தட்டில் ஏறி இறங்க மறந்திருந்தது. பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து அதற்கு நினைவூட்டினார்கள்.

பழைய பற்றறி கடையிலேயே நின்றது, அதற்குரிய தொகை பில்லில் கழிந்தது. இருபது கிலோவுக்கு மேலான அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் ஈயம். தராசுக்காரர் எவரும் காசு கொடுப்பார். கொடுக்கக் கூடாத இடம் அதுதான். 2008இல் இலங்கையில் வந்த ஆபத்தான கழிவுகள் பற்றிய விதிகளில் பழைய பற்றறியும் அடங்கும். உரிமம் உள்ளவர்களிடம்தான் சேர வேண்டும். அதே காலத்தில் செனெகல் நாட்டில், தாக்கர் நகரத்துக்குப் பக்கத்தில் தியாரோயே என்ற இடத்தில், பழைய பற்றறிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணின் நஞ்சேறிப் பதினெட்டுக் குழந்தைகள் செத்தார்கள். ஊருக்கு ஊர் யாரோ ஒருவர் வீட்டுப் பின்வளவில் பற்றறி உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றுவது இன்றும் நடக்கிற காரியம்.

புறப்படும் முன் ஸ்காபரோக்காரர் குளிர்ப்பெட்டிக்கென்று இரண்டாவது பற்றறி ஒன்று போடலாமா என்று விசாரித்தார். போடலாம், ஆழமாக இறங்கி ஏறும் வகையில் ஒன்று, இயந்திரம் நின்றதும் முதற் பற்றறியைத் துண்டித்துவிடும் ஓர் ஐசொலேற்றர், தடித்த வயர், இடம் பார்த்து ஒரு தட்டு. சொந்த ஜீப்பில் காட்டுக்குள் கூடாரம் அடிப்பவருக்கு அது தேவையான செலவு. இழுவைக் கயிற்றுச் சுருளியான வின்ச் பூட்டியவருக்கு இன்னும் தேவை; முழுச் சுமையில் அது 400 அம்பியர்வரை உறிஞ்சும். இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்த வண்டியில் அடுத்தவருக்காக அந்தச் செலவைச் செய்வது புண்ணியக் கணக்கில்தான் சேரும். "ஐஸ் பெட்டி ஒண்டு வாங்குங்க, தம்பியாக்களுக்கு நாலு நாளைக்குக் காணும்" என்றார் பற்றறிக்காரர்.

உத்தரவாத அட்டையைச் சாரதி படம் எடுத்து வத்தளையில் இருக்கும் ஜீப் சொந்தக்காரருக்கு அனுப்பினார். தொடர் இலக்கம், திகதி, கடை முத்திரை மூன்றும் தெளிவாகத் தெரிகிறதா என்று சொந்தக்காரர் இரண்டு தடவை கேட்டார். பில் காசை யார் கட்டுவது என்ற பேச்சு அதன் பிறகு தொடங்கி, வாடகையில் கழிப்பது என்று முடிவாகி, வண்டி வடக்கே அரிசிமலைக் கடற்கரைக்குத் திரும்பியது. குச்சவெளி தாண்டுவதற்குள் பின்னிருக்கையில் இன்னொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது: குளிர்ப்பெட்டியின் வயரைத் திரும்பவும் செருகியது மூத்தவனா, இளையவளா.